எஃப்6 புராணம்

ஒரே கணினியில் இரண்டு ஓஎஸ் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் வரிசையில் முதல் நாற்காலியை நான் லினஸ் டோர்வால்ட்ஸுக்குத்தான் போடுவேன். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான அவர் 1991 ஜனவரியில் தவணைக் கடனில் ஒரு 386 வாங்கினார். ஹார்ட் டிஸ்க் 40 மெகாபைட். இன்றைக்கு வாட்ஸாப்பில் வருகிற கல்யாண அழைப்பு வீடியோக்களில் ஒன்றிரண்டைப் போட்டாலே மூச்சு முட்டிவிடும். அதற்குள் ஒரு பக்கம் மினிக்ஸ், இன்னொரு பக்கம் அவரே எழுதிக்கொண்டிருந்த லினக்ஸ் என்ற புது ஓஎஸ்.

அந்த வருஷக் கடைசியில், மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினிக்கு டயல் செய்ய உட்கார்ந்தார். கட்டளை போயிருக்க வேண்டிய இடம் டிடிஒய்1, அதாவது மோடம் மாட்டியிருக்கும் வாசல். அவர் கொடுத்தது எச்டிஏ1, அதாவது ஹார்ட் டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன். யுனிக்ஸ் வம்சத்தில் எல்லாமே கோப்புதான். எழுதச் சொன்னால் எழுதிவிடும். "சார், இது டிஸ்க் ஆச்சே, போன் இல்லையே" என்று கேட்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. ஆக, மனிதர் தன் ஹார்ட் டிஸ்க்குக்கே போன் போட்டார். மினிக்ஸ் பரலோகம் போய்ச் சேர்ந்தது. மறுபடி மினிக்ஸ் போடுவதா என்று யோசித்தவர், நம்முடையதே போதும் என்று முடிவெடுத்தார். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஒரு ராங் நம்பருக்கு இதைவிடப் பெரிய பலன் கிடைத்ததாகச் சரித்திரத்தில் நான் படித்ததில்லை.

லினஸின் பாடு பரவாயில்லை. அவர் மெஷினில் இருந்த இரண்டு ஓஎஸ்ஸுக்கும் கம்பெனிக்காரர்களின் தயவு தேவைப்படவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களின் கதை வேறு. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வாசல் ஒன்று, குழாய் ஒன்று, மெயின் சுவிட்ச் வீட்டுக்காரர் ரூமில். முதலில் குடிவந்தவரிடம் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்தப் படி ஆடும் என்று வீட்டுக்காரர் எல்லாம் சொல்லிவைத்திருப்பார். இரண்டாவது குடித்தனக்காரர் இருட்டில் படியில் விழுந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவர் என்பது அந்தத் தகவல்தான். இந்தச் சிப்பை எப்படி எழுப்புவது, எந்த எண்ணில் கதவைத் தட்டுவது என்று ஹார்டுவேர் கம்பெனி யார் காதில் ஓதியதோ அந்த ஓஎஸ்ஸுக்கு எல்லாம் ஓடும். மற்றதற்கு மஞ்சள் ஆச்சரியக்குறி. இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்கிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். எனக்கு அது யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது என்கிற அரசியலாகத்தான் படுகிறது.

அந்த அரசியலுக்கு வயசும் அதிகம். 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். பழைய பிரிண்டரில், பேப்பர் சிக்கினால் காத்திருக்கிறவர்களுக்குத் தகவல் போகிற மாதிரி ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் டிரைவரைத் திருத்திவைத்திருந்தார். புதியதிலும் அப்படிச் செய்யலாம் என்று பார்த்தால் மூல நிரல் தரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவரும் கைவிரித்துவிட்டார். அந்தக் கோபம் ஆறாமல் 1983 செப்டம்பரில், மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் க்னு திட்டமாக வெடித்தது. அன்றைக்கே ஒரு டேப்பில் போட்டுக் கொடுத்து ஆளை அனுப்பியிருந்தால் ஜெராக்ஸுக்கு ஒரு டேப்தான் செலவு.

வாசல் விவகாரத்துக்கு வருவோம். 1983-இல் பிசி டாஸ் 2.0 வந்தபோது, ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் மொத்த ராஜ்ஜியத்தையும் அடக்கிவிட்டார்கள். நான்கு பார்ட்டிஷன்களின் விலாசத்துக்கு 64 பைட், முத்திரைக்கு 2 பைட், மிச்சமுள்ள 446 பைட்டில் கணினியை எழுப்பும் நிரல். அந்த 446 பைட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலில் கண் விழிப்பார். 1992-இல் வெர்னர் ஆல்மெஸ்பர்கர் எழுதிய லிலோ அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும். பிழைச்செய்தி எழுத அதற்குள் இடம் ஏது? அதனால் ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திரையில் போடும். நாலெழுத்தும் வந்தால் பிழைத்தோம். எல், ஐ என்று இரண்டோடு நின்றால் இரண்டாம் கட்டம் ஏறியும் ஓட முடியவில்லை என்று அர்த்தம். வெறும் எல் மட்டும் வந்து, பின்னாலேயே 01 01 01 01 என்று திரை முழுக்க ஓட ஆரம்பித்தால் டிஸ்க்கையே படிக்க முடியவில்லை. தன் பெயரைக்கூட முழுசாகச் சொல்ல முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற மென்பொருளை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நடுவில் யாராவது விண்டோஸ் 95-ஐத் திரும்பப் போட்டால், அது கேட்காமல் கொள்ளாமல் அந்த 446 பைட்டைத் தன் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். லிலோவில் ஓர் எழுத்துகூட மிஞ்சாது.

இந்த வாசலில் ஒரு கம்பெனியே பலியானது. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ஜான் லூயி காஸே ஆரம்பித்த பீ நிறுவனம், பீஓஎஸ் என்ற அழகான ஓஎஸ்ஸை விண்டோஸ் பக்கத்திலேயே சும்மா போட்டு விற்கச் சொல்லி 1990களின் கடைசியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளைக் கெஞ்சியது. ஹிட்டாச்சி ஒப்புக்கொண்டது. ஆனால் கணினி கடைக்கு வந்தபோது எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கிற மெனுவைக் காணோம். பீஓஎஸ் உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. வாங்கியவர் தானே தனியாகச் சில வேலைகள் பார்த்து எழுப்பிக்கொள்ள வேண்டும். மைக்ரோசாப்ட்டின் லைசென்ஸ் ஒப்பந்தம்தான் வாயை அடைத்தது என்று 2002-இல் பீ வழக்குப் போட்டது. அடுத்த வருஷம் மைக்ரோசாப்ட் தப்பை ஒப்புக்கொள்ளாமலே 2 கோடியே 32.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அதற்குள் பீயின் சொத்தையெல்லாம் 2001-லேயே பாம் கம்பெனி 1.1 கோடி டாலர் மதிப்பில் வாங்கியிருந்தது. ஓஎஸ் விற்றதைவிட வழக்கில் வந்த காசு இரண்டு மடங்கு.

நம்மூருக்கு இந்தச் சங்கடம் பத்திரிகையோடு வந்த இலவச சிடியில் வந்து இறங்கியது. பிசி குவெஸ்ட் போன்ற பத்திரிகைகள் லினக்ஸ் சிடியை இலவசமாகக் கொடுக்க, ரிச்சி தெருவில் அசெம்பிள் பண்ணிய மெஷினில் பையன்கள் அதைப் போட்டார்கள். போட்டதும் முதல் அடி மோடத்தில் விழுந்தது. விலை மலிவு என்று உள்ளே சொருகியிருந்தது வின்மோடம். மோடம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை விண்டோஸ் டிரைவர்தான் செய்யும். அட்டையில் இருப்பது மீதிப் பாதி. லினக்ஸுக்கு டிரைவர் வேண்டுமானால் இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையத்துக்குப் போக மோடம் வேண்டும், மோடத்துக்கு டிரைவர் வேண்டும். ஆகவே ரீபூட், விண்டோஸ், டயல்-அப், அரை மணி நேரம் இறக்கம், ரீபூட், லினக்ஸ். அங்கே கம்பைல் பண்ணினால் கெர்னல் ஹெடர் இல்லை என்னும். ரீபூட், விண்டோஸ். இப்படிப் போய்வந்து போய்வந்து போன் பில்லைப் பார்த்து அப்பா குரலை உயர்த்தும் கட்டத்தில், தெருவில் விவரம் தெரிந்த ஒரு அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "தம்பி, சி டிரைவ்ல முக்கியமா ஏதாச்சும் இருக்கா?" ஃபார்மேட் அடிக்கப்போகிறார் என்று அர்த்தம்.

லினக்ஸ்காரர்கள் மட்டும்தான் அவதிப்பட்டார்கள் என்று நினைத்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம். 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் சொருகியதும் நீலத்திரை வந்து சபையே சிரித்தது. வீட்டுக்காரருக்கே அந்தக் கதி. உச்சகட்டம் அதற்குப் பின்னால்தான்.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. நிறுவல் சிடியைப் போட்டால் நீலத் திரை, அடியில் ஒரு வெளிறிய பட்டை. அந்தப் பட்டையில் சில விநாடி மட்டும் ஒரு வரி வந்து போகும்: வெளியார் கொடுத்த ஸ்கஸி அல்லது ரெய்டு டிரைவர் போட வேண்டுமென்றால் எஃப்6 அமுக்கவும். அமுக்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஒரு பீப் சத்தம்கூடக் கிடையாது. நம்முடைய வேண்டுதல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல், பயத்தில் எஃப்6-ஐ டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அது பாட்டுக்கு வேறு என்னென்னவோ ஏற்றி முடித்துவிட்டு, நிதானமாகத் திரும்பி, சரி, எஸ் அமுக்கி ஏ டிரைவில் ஃப்ளாப்பியைப் போடு என்று கேட்கும். சிடியில் டிரைவர் இருக்கிறதே என்றால் கேட்காது. பென் டிரைவை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃப்ளாப்பி, அதுவும் ஏ டிரைவில்.

வந்த புதிதில் இதில் பெரிய குற்றமில்லை. எல்லா மேசைக் கணினியிலும் ஃப்ளாப்பிக்கு வாய் இருந்தது, ஸ்கஸி டிஸ்க் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். விபரீதம் 2007-இல் வந்தது. புது லேப்டாப்களில் சாட்டா டிஸ்க்கை ஏஹெச்சிஐ முறையில் அமைத்து அனுப்பினார்கள். ஃப்ளாப்பியின் வாயை அடைத்துவிட்டார்கள். உள்ளே அந்த ஜனவரியில் வெளிவந்த விஸ்டா. விஸ்டாவோடு காலம் தள்ள முடியாமல், பக்கத்திலேயே எக்ஸ்பியையும் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்களிடம் நிறுவல் சிடி சொன்ன பதில்: உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை. எதிரே அதே டிஸ்க்கிலிருந்து விஸ்டா கண்ணாடி ஜன்னல்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்.

இதன் இன்னொரு வேஷம்தான் ஸ்டாப் 7பி என்ற நீலத்திரைப் பிழை. எக்ஸ்பியின் கெர்னலை டிஸ்க்கிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து நினைவகத்தில் உட்காரவைப்பது பயாஸ். உட்கார்ந்ததும் எக்ஸ்பி பயாஸை அனுப்பிவிட்டு, இனி என் டிரைவரே டிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும். ஏஹெச்சிஐக்கு அதனிடம் டிரைவர் இருக்காது. ஆக, எந்த டிஸ்க்கிலிருந்து சற்று முன்புதான் இறங்கி வந்ததோ அந்த டிஸ்க்கையே காணோம் என்று நீலத்திரையில் சத்தியம் பண்ணும்.

பரிகாரம் இருந்தது. பயாஸுக்குள் போய் சாட்டா முறையை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்றினால் எக்ஸ்பிக்குக் கண் தெரியும். சமர்த்தாக ஏறிக்கொள்ளும். அப்புறம் விஸ்டாவைத் திறந்தால் அங்கே 7பி! விஸ்டா தன்னை நிறுவிய அன்றே, ஏஹெச்சிஐதான் இருக்கிறது, ஐடிஇ டிரைவர் நமக்கு எதற்கு என்று அதைத் தூங்கவைத்திருக்கும். ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரின் ஸ்டார்ட் என்ற மதிப்பை முன்கூட்டியே பூஜ்யமாக்கினால் போதும். அது தெரியாதவர்கள் காலையில் எக்ஸ்பிக்கு ஐடிஇ, சாயங்காலம் விஸ்டாவுக்கு ஏஹெச்சிஐ என்று ஒவ்வொரு முறையும் பயாஸுக்குள் புகுந்து கட்சி மாறிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் என்லைட் என்ற மென்பொருளால் டிரைவரை எக்ஸ்பி சிடிக்குள்ளேயே திணித்துப் புது சிடி எரித்தார்கள். முதலில் எரித்தவை பெரும்பாலும் டீ டம்ளருக்கு அடித்தட்டானதுதான் மிச்சம். எல்லாம் சரியாகி, எக்ஸ்பி ஒரு வழியாகக் குடியேறியதும் முதல் காரியமாக என்ன செய்யும் தெரியுமா? விஸ்டாவின் பார்ட்டிஷனைப் பார்த்து, அங்கே சேமித்திருக்கும் ரெஸ்டோர் பாயிண்டுகளெல்லாம் தனக்குப் புரியாத வடிவத்தில் இருப்பதால், ஒன்று விடாமல் அழித்துவிடும். வேண்டுமென்றே செய்ததல்ல. மைக்ரோசாப்ட்டே இதற்கு ஒரு விளக்கக் குறிப்பு போட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே கம்பெனி என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏறிய பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறிகள் கோலப்புள்ளி மாதிரி வரிசையாக நிற்கும். 'அறியாத சாதனம்' என்பதற்கு மேல் அது வாய் திறக்காது. அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் விவரப் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்று ஒரு நீளமான எண் இருக்கும். அதில் 8086 இருந்தால் இன்டெல், 1002 இருந்தால் ஏடிஐ. தன் பெயர்பெற்ற சிப்பின் எண்ணையே இன்டெல் அடையாள எண்ணாக எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த எண்ணைத் தேடிப்போனால் டிரைவர் கிடைத்துவிடும். நான் பார்த்தவரை, எக்ஸ்பி காலத்துத் தெரு அண்ணன்களில் இதைத் தெரிந்தவர், தெரியாதவர் என்று இரண்டே ஜாதி.

லினக்ஸ் பக்கம் அதே நாட்களில் வைஃபை போர். பிராட்காம் சிப்புக்கு லினக்ஸ் டிரைவர் கிடையாது, விவரமும் தர மாட்டார்கள். 2003 வாக்கில் சிலர் என்டிஐஎஸ்ராப்பர் என்று ஒன்றைக் கிளப்பினார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதிய டிரைவரை அப்படியே தூக்கிவந்து, லினக்ஸ் கெர்னலுக்குள் வைத்து, நீ விண்டோஸில்தான் இருக்கிறாய் என்று நம்பவைக்கிற வேலை. பாவம், அந்த டிரைவரும் நம்பி உழைத்தது. இதற்கு நேர்மாறாக, எக்ஸ்பியை அப்போதுதான் போட்டு முடித்து டிரைவர் சிடியைத் தொலைத்திருந்தவர் அதே வைஃபை இல்லாமல் உட்கார்ந்திருப்பார். பிராட்காம் ஒரு வழியாக மனமிரங்கி ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டது 2010 செப்டம்பரில்.

அடுத்த வருஷம் நம்ம தமிழ்நாட்டு அரசே இந்த ஆட்டத்தில் இறங்கியது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸ் 7 ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் டிரைவரெல்லாம் சேர்த்து, மெனுவும் தெரிகிற மாதிரி, அரசாங்க முத்திரையோடு. பீ கம்பெனிக்கு உலகத்தில் எந்தப் பெரிய வியாபாரியும் செய்து கொடுக்காததை ஒரு மாநில அரசு செய்தது. பல வீடுகளில் பாஸ் லினக்ஸ் இருந்த இடத்தில் அடுத்த தீபாவளிக்குள் சினிமாப் படங்கள் குடியேறிவிட்டன என்பது வேறு விஷயம். அந்தப் படங்களுக்கு நடுவில் கடிகாரம் மட்டும் சில வீடுகளில் தகராறு பண்ணியது. மதர்போர்டு கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், பல லினக்ஸ்கள் உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். மாறி மாறி பூட் பண்ணினால் நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னே பின்னே ஓடும். ராகுகாலம் பார்த்து வேலை தொடங்குகிறவர்கள் இரட்டை ஓஎஸ் போடவே கூடாது.

கிராபிக்ஸ் கதையை விரலால் சொல்லிவிடலாம். 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில், என்விடியா சிப் வைத்த தன் லேப்டாப் லினக்ஸில் படுத்தும் பாட்டைப் பார்வையாளர் ஒருவர் எழுந்து சொன்னபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலை நீட்டி என்விடியாவுக்கு ஒரு வார்த்தை சொன்னார். சபை கைதட்டியது. என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களைத் திறந்து போட்டது 2022 மே மாதம். விரலுக்குப் பலன் கிடைக்கப் பத்து வருஷம்.

எஃப்6 மட்டும் செத்துவிட்டது என்று நினைத்தோம். 2015-இல் இன்டெல் ஸ்கைலேக் வந்தது. அந்த போர்டுகளில் பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். புது விண்டோஸ் 10 பிடிக்காமல் விண்டோஸ் 7-ஐயும் பக்கத்தில் போடப் போனவர்களுக்கு பயாஸில் கீபோர்டு ஓடியது, நிறுவல் திரை வந்ததும் கீபோர்டும் மவுஸும் செத்துப்போயின. விண்டோஸ் 7 நிறுவலில் புது யுஎஸ்பிக்கான டிரைவர் இல்லை. அதிலும் உச்சம், 'சிடி/டிவிடி டிரைவர் இல்லை, பிரவுஸ் பட்டனை அமுக்கி டிரைவரைக் காட்டவும்' என்ற செய்தி. மவுஸே ஓடாத திரையில் பட்டனை எதை வைத்து அமுக்குவது? சில பழைய லேப்டாப்களில் பென் டிரைவை நீல நிற ஓட்டையிலிருந்து கறுப்பு ஓட்டைக்கு மாற்றினால் எல்லாம் சரியாகும். அதற்குமேல் காரணம் கேட்காதவர்களே அன்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

2020-இல் இன்டெல்லின் பதினோராம் தலைமுறை வந்தது. விஎம்டி என்ற புது அடுக்குக்குப் பின்னால் எஸ்எஸ்டியை ஒளித்துவைத்தார்கள். விண்டோஸ் நிறுவல் மறுபடி, டிஸ்க்கே இல்லை என்றது. உபுண்டு லினக்ஸின் நிறுவியோ, ஆர்எஸ்டி என்ற இன்டெல் சேமிப்பு ஏற்பாட்டை அணைத்துவிட்டு வா என்று வாசலிலேயே நிறுத்தியது. இன்டெல் தளத்திலிருந்து விஎம்டிக்கான டிரைவரை இறக்கினால் அந்த ஜிப் கோப்பின் பெயர் எஃப்6 எஃப்எல்பிஒய் என்று ஆரம்பிக்கும். எஃப்6 ஃப்ளாப்பி! ஃப்ளாப்பியைக் கண்ணால் பார்க்காத பையன், ஃப்ளாப்பி நுழைய வழியே இல்லாத லேப்டாப்பில், பென் டிரைவில் அதை இறக்கிவைத்து 'லோட் டிரைவர்' அமுக்குகிறான்.

கடைசியாக 2024 ஆகஸ்ட் 13. கிரப் என்ற பூட் மெனு நிரலில் 2022-இல் கண்டுபிடித்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் அனுப்பியது. மறுநாள் காலை லினக்ஸ் பக்கம் போனவர்களுக்கு, ஷிம் சரிபார்ப்பு தோற்றது, ஏதோ ரொம்பவும் தப்பாகிப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கணினி அணைந்துபோனது. இரட்டை ஓஎஸ் உள்ள கணினிகளுக்கு இந்த அப்டேட் போகாது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். ஆனால் சில கணினிகளில் இரண்டாவது ஓஎஸ் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற ஏற்பாட்டுக்கு லினக்ஸ் கண்ணில் படவில்லை. செக்யூர் பூட் என்ற பூட் பாதுகாப்பை அணைத்து, லினக்ஸுக்குள் போய், ஒரு கட்டளையால் அந்தப் புதுக் கொள்கையை அழித்து, ரீபூட் பண்ணி, செக்யூர் பூட்டை மறுபடி போட வேண்டும். மைக்ரோசாப்ட்டின் நிரந்தரத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில் வந்தது. அதை வாங்கிக்கொள்ள விண்டோஸுக்குள் போக வேண்டும். விண்டோஸ் அந்த ஒன்பது மாதமும் ஒரு குறையும் இல்லாமல் ஜோராக பூட் ஆகிக்கொண்டிருந்தது.